செம்பருத்தித் தொட்டியில் நண்டு வளை

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. உரக்கடையில் மூட்டை வாங்கினால் தையலைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குவேன். மழை வரும் என்று டி.வி.யில் சொன்னால் வைக்கோலை எடுத்து வெளியில் பரப்புவேன். இரண்டு தடவை வைக்கோல் நனைந்துபோனது நிஜம்தான். அது மழையின் தப்பு.

ஊரும் என்னை நம்புவதில்லை. கோயில் சாவியைக் கையில் தரமாட்டார்கள். கல்யாணத்தில் பந்தி பரிமாறக் கூப்பிட மாட்டார்கள். இன்னொரு வடை கேட்ட சம்பந்தியிடம், "முதல்ல வச்ச வடை எங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேனாம். கேட்டால் என்ன? இலையில் காணவில்லை, கேட்டேன்.

அப்படிப்பட்ட என்னைத் தேடித்தான் ஆனி மாதத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டு பாத்திமா வந்தார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது. எனக்கும் ஜெய்னுலாபுதீன் பாய்க்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். பாய் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். இப்போது ஊரிலிருக்கும் மின்விசிறிகளை வாங்கி வைத்து ஒவ்வொன்றாக ஓடாமல் பண்ணிக்கொண்டிருக்கிறார். பாத்திமா அவர் சம்சாரம். மகள் இர்ஃபானாவுக்கு சார்ஜாவில் பிரசவம் என்று பாத்திமா கிளம்பவேண்டியிருந்தது.

பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு உதவி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்றதுக்கு எங்கிட்ட யாரு பேசுறா?"

"நம்ம செம்பருத்தி தெரியும்ல?"

தெரியாமல் என்ன. அவர்கள் வாசலில் பெரிய சிமெண்டுத் தொட்டியில் நிற்கிற அடுக்குச் செம்பருத்தி. காவி நிறத்தில் மடிப்பு மடிப்பாகப் பூக்கும். முத்துப்பேட்டையில் பாத்திமாவின் உம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற செடியின் கிளை அது. உம்மா காலமான பிறகு அந்த வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் பீரோ, கட்டில், அண்டா என்று பிரித்துக்கொண்டபோது, பாத்திமா ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். தாய்ச் செடி இப்போது இல்லை. இதுவும் போனால் அவ்வளவுதான்.

"இவங்கள நம்பி விட்டுட்டுப் போக முடியாதுண்ணே. மறந்துருவாங்க, கருகிப் போயிடும். இந்தத் தெருவுலயே பயிர் வளக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்கள நம்பித்தான் போறேன்."

நம்பித்தான். எழுபது வயது தாண்டிய என்னிடம் இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. என் சம்சாரம் கண்ணாத்தாளே, தாலி கட்டி முடித்த கையோடு முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தவள்.

"நீ போயிட்டு வா தங்கச்சி. நீ திரும்பி வர்றப்ப அது பூவோட நிக்கும். நிக்கலன்னா இந்த அரசப்பனை மனுஷன்னே மதிக்காத."

மறுநாள் வேன் ஏறித் திருச்சிக்குப் போய் அங்கிருந்து பறந்துவிட்டார்.

நான் அதற்கு அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தேன். பாய் டீக்கடைக்குப் போனதும் சுவரைத் தாண்டினேன். இந்த வயதில் எப்படித் தாண்டினாய் என்று கேட்கவேண்டாம். அந்தப் பக்கம் விழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி வாசலில் இல்லை. ஆடு கடித்துவிடும் என்று பாய் அதைக் கொல்லைக்கு நகர்த்தி, தகரக் கொட்டகைக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தார். அங்கே வெயில் இல்லை, காற்று இல்லை. ஆனால் ஆடும் இல்லை. பாய்க்கும் மூளை இருக்கிறதே என்று நினைத்தேன். பின்னால் அதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

குனிந்து பார்த்தபோது திக்கென்றது. தொட்டியின் அடியில் ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் இன்னும் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லையே, இது எங்கிருந்து வருகிறது என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. ஓட்டையைக் கண்டதும் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வயல்காரனுக்கு ஓட்டை என்றால் ஒரே அர்த்தம்தான், நண்டு வளை. வரப்பில் நண்டு ஒரு வளை தோண்டினால் போதும். சாயங்காலம் கட்டிய தண்ணீர் காலையில் அடுத்தவன் வயலில் நிற்கும். அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். அரைஞாண் கயிறு கட்டிய நாளிலிருந்து நாங்கள் எல்லாம் நண்டு வளை அடைத்து வளர்ந்தவர்கள். களிமண்ணில் வைக்கோலைக் கிள்ளிப்போட்டுப் பிசைந்து, ஓட்டைக்குள் திணித்து, கட்டை விரலால் ஒரு திருகு திருகவேண்டும். நான் அடைத்தால் அடைத்ததுதான். அந்த நண்டு வேறு ஊருக்குத்தான் போகவேண்டும்.

அடைத்தேன். வாளியைக் கவிழ்த்து விளிம்புவரை நிரப்பினேன். தண்ணீர் ததும்பி நின்றது. நாற்றங்கால் மாதிரி பளபளவென்று, பார்க்கவே வயிறு நிறைந்தது.

தினமும் இதே வேலைதான். கொஞ்ச நாளில் இலைகளில் புள்ளி விழுந்தது. சுற்றிலும் மஞ்சள், நடுவில் பழுப்பு. பிறகு புள்ளியோடு புள்ளி சேர்ந்து, ஓரமெல்லாம் கறுத்து, வெந்த கீரை மாதிரி நொளநொளத்துத் தொங்கியது. தொட்டால் கையோடு வந்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு வாளி ஊற்றினேன். உதிர்ந்த இலைகளை வீணாக்காமல் தொட்டிக்குள்ளேயே போட்டு அமுக்கினேன். வயலில் தழை போட்டு மிதித்தால் பயிர் கறுகறுவென்று வருகிறது, செடிக்கு மட்டும் கசக்குமா?

செடி இன்னும் கொட்டியது. உச்சியில் கொஞ்சம் பச்சை பாக்கி. பாத்திமா திரும்பி வந்து வாசலில் நிற்கிற காட்சி கண்ணில் வந்துவந்து போனது. நம்பித்தான் போறேன் என்றாரே. முதல் தடவையாக ஒருத்தர் நம்பினால், அது இப்படியா முடியவேண்டும்?

யாரோ உள்ளடி வேலை செய்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நான் செய்வதெல்லாம் சரியாக இருக்கும்போது வேறு எப்படிக் கெட்டுப்போகும்?

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற மருதையனின் மகள் இசைவாணி, வேளாண்மை ஆபீசில் வேலை பார்க்கிறாள். குறுவைக் கணக்கெடுக்க ஸ்கூட்டியில் வந்திருந்தாள். ஆலமரத்தடியில் அவளைப் பிடித்து, மடியிலிருந்து ஓர் இலையை எடுத்து நீட்டினேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட செடி."

"யாரு பெரியப்பா அது?"

"தூரத்து ஆளு."

"இலை இன்னும் சொட்டுதே. தூரத்துலேர்ந்து வந்த மாதிரி தெரியலயே." திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இலையழுகல். பூஞ்சணம். செம்பருத்தி இலை நனைஞ்சே கிடந்தா வரும். காத்தோட்டம் இல்லன்னா பரவும். வேரும் ஊறிப்போச்சுன்னா செடியே போயிடும். அந்தத் தூரத்து ஆளு எவ்வளவு தண்ணி ஊத்துறாரு?"

"தெனம் ஊத்துறாரு. நெறைச்சு."

"நெறைச்சுன்னா?"

"நெறைச்சுன்னா தளும்பத் தளும்பத்தான்."

"செம்பருத்தி வச்சுருக்காரா, நெல்லு நட்டுருக்காரா?"

எனக்குச் சுருக்கென்றது. "தண்ணியில எந்தப் பயிராச்சும் சாவுமா?"

"போன ஐப்பசி மழையில உங்க சம்பா என்னாச்சு பெரியப்பா?"

படித்த பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும்.

"இன்னொண்ணு," என்றாள். "இலைக்கு மேலயும் கீழயும் இவ்வளவு ஈரம் இருக்குன்னா, மேலேர்ந்து தெளிக்கிறாங்க."

"நான் எங்க தெளிக்கிறேன்? அதாவது, அவரு எங்க தெளிக்கிறாரு? அவரு அடியிலதான் ஊத்துறாரு."

"அப்ப வேற யாரோ தெளிக்கிறாங்க."

வேற யாரோ! எனக்கு வேண்டிய வார்த்தை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வெயில், கத்திரி, மருந்து என்று என்னென்னவோ சொன்னாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பாய் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால், சணல் சாக்கு ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெட்டைக்கோழி என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் காதைக் கொத்தியது. பொறுத்துக்கொண்டேன்.

முதலில் பாய் வந்தார். கையில் ஏ.சி. கழுவுகிற தெளிப்பான், துப்பாக்கி மாதிரி. செடியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு இலைக்கும் புஸ்ஸு புஸ்ஸென்று அடித்தார். அடித்துவிட்டுச் செடியிடம் பேசினார்.

"தோ பாரு, நீ மட்டும் கருகி மௌத்தாயிடாத. அவ வந்தா என்னைய மௌத்தாக்கிடுவா."

ஆகா, ஆள் அகப்பட்டான் என்று எழுந்திருக்கப் போனேன். அதற்குள் பாய் உள்ளே போய்விட்டார். சந்து வழியாகக் கொலுசுச் சத்தம் கேட்டது. பார்த்தால் இடுப்பில் குடத்தோடு என் கண்ணாத்தாள்! முருங்கைக்கீரை பறிக்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவள். குடத்தைத் தூக்கிச் செடியின் உச்சியில் கவிழ்த்து, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இலைகளைத் தேய்த்துவிட்டாள்.

"தலைக்கு ஊத்திக்கடி ராசாத்தி. உடம்பெல்லாம் சூடு, அதான் புள்ளி புள்ளியா வருது."

அவள் போனாள். வாசலில் டி.வி.எஸ். வண்டி நின்றது. மருதையன் பால் கேனோடு கொல்லைக்கே வந்தான். கேனில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அலம்பிய வெள்ளைத் தண்ணீரை அப்படியே செடிமேல் ஊற்றினான்.

இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சாக்கோடு எழுந்தேன்.

"டேய்!"

"ஐயோ! பூதம்! பூதம்!" என்று மருதையன் கேனைப் போட்டான். கேன் உருண்டு தகரத்தில் மோதியது. கோழிகள் பறந்தன. பாய் தெளிப்பானோடும் கண்ணாத்தாள் வெறும் குடத்தோடும் ஓடி வந்தார்கள்.

"என்னடா பண்ற?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலண்ணே. பால் ஊத்துறேன்."

"செடிக்கா?"

"சத்துண்ணே."

"நீங்க என்ன பண்றீங்க இங்க, சாக்கக் கட்டிக்கிட்டு?" என்றாள் கண்ணாத்தாள்.

"உன் முருங்கைக்கீரை எங்க?"

"இது என் வீட்டுக் கொல்லை," என்றார் பாய். "மொதல்ல நீங்க எல்லாரும் எதுக்குன்னு இங்க வந்தீங்க? அதச் சொல்லுங்க."

மருதையன் உருண்ட கேனை எடுத்துத் துடைத்தான். பிறகு பாயே ஆரம்பித்தார்.

"என் பொண்டாட்டி ஏர்போர்ட்டுல கண்ணு கலங்கிச் சொன்னா. 'உங்கள மட்டுந்தான் நம்பிப் போறேன், செடியப் பாத்துக்குங்க'ன்னு."

"எங்கிட்ட, 'ஆம்பளைங்க சரிப்பட மாட்டாங்கக்கா, உங்கள நம்பித்தான் போறேன்'னு சொன்னா," என்றாள் கண்ணாத்தாள்.

"எங்கிட்ட, 'ரெண்டு வீட்டுலயும் ஒருத்தரையும் நம்ப முடியாது மருதையா, நீதான் தெனம் வர்ற ஆளு'ன்னாங்க," என்றான் மருதையன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சொன்னேன். சொல்லும்போதே வார்த்தை சப்பென்று ஆகிவிட்டது. பால்காரன் வரைக்கும் போன நம்பிக்கை. அந்த வாசகத்தை நான் மட்டும் ராத்திரி பகலாக நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

மருதையன் மகளுக்கு போன் போட்டான். இசைவாணி வந்து செடியைப் பார்த்தாள், எங்கள் நான்கு பேரையும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தத் தூரத்து ஆளா பெரியப்பா? எங்கப்பாவுமா?"

பிறகு தொட்டியைத் தட்டினாள். "இவ்வளவு தண்ணி நிக்குதே. அடியில ஓட்டை இல்லையா?"

"இருந்துச்சே," என்றார் பாய். "நான்தானே துளை போட்டேன்."

நான் மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தேன். பாயும் மருதையனும் தொட்டியைச் சாய்த்தார்கள். இசைவாணி அடியில் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன, சிமெண்ட் மாதிரி அடைச்சுருக்கு? யாரு பண்ணது?"

கண்ணாத்தாள் குனிந்தாள். கிள்ளிப்போட்ட வைக்கோல். நடுவில் கட்டை விரல் திருகல்.

"இந்தத் திருகல நான் எங்கயோ பாத்துருக்கேன்," என்றாள்.

நான் வானத்தைப் பார்த்தேன்.

"பெரியப்பா, என்ன இது?"

"நண்டு."

"தொட்டிக்குள்ளயா?"

"வந்துச்சுன்னா?"

பாய் சிரித்த சிரிப்பில் அப்போதுதான் இறங்கிய கோழிகள் மறுபடியும் பறந்தன. "நாலு பேரு உள்ள ஊத்தியிருக்கோம், அண்ணன் வெளிய போற வழிய அடைச்சுருக்காரு! பாவம், செடி எங்க போவும்?"

இசைவாணி ஒரு கம்பியை விட்டுக் குத்தினாள். என் அடைப்பு லேசில் வரவில்லை, அதை இங்கே சொல்லியாகவேண்டும். கடைசியில் பிடுங்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. நாற்றம் தாங்காமல் மருதையன் சாலைக்கே போய்விட்டான்.

"செடி பொழைக்குமா?" என்று கேட்டேன்.

"உச்சியில பச்சை இருக்கு. தண்டும் கெட்டியாத்தான் இருக்கு. நான் சொல்றதச் செஞ்சா பொழைக்கும்."

செய்தோம். அழுகின இலையையும் அழுகின நுனியையும் ஒன்று விடாமல் வெட்டினோம். நான் தொட்டிக்குள் அமுக்கி வைத்திருந்த தழையையெல்லாம் தோண்டி எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய் எரித்தோம். நோய் அதில்தான் உட்கார்ந்திருக்கிறதாம். ஊறிப்போன மேல் மண்ணை எடுத்துவிட்டு ஆற்று மணல் கலந்த மண்ணைப் போட்டோம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை வெந்நீரில் முக்கித் துடைக்கச் சொன்னாள். ஓர் இலையின் நோயை அது அடுத்த இலைக்குக் கொண்டுபோய்விடுமாம். அந்தப் பெண் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். கத்திரியைக்கூட நம்பாதே என்கிறாள். அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

செடியைத் தூக்கி வாசலில், வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் வைத்தோம். ஆட்டுக்குப் பயந்து, பாய் தன்னிடமிருந்த ஓடாத மின்விசிறிகளின் கம்பி வலைகளைக் கழற்றிச் சுற்றிலும் கட்டினார். அந்த மின்விசிறிகளால் ஊருக்கு நடந்த முதல் நன்மை அதுதான். காலை நேரத்தில் காப்பர் மருந்தை அளவாகக் கலக்கி, மிச்சமிருந்த இலைகளின் மேலும் அடியிலும் பட்டும் படாமல் தெளித்தாள் இசைவாணி. தண்ணீர் வேரில் மட்டும், காலையில் மட்டும், மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் என்றாள்.

எல்லாம் முடிந்து பார்த்தால், நான்கைந்து குச்சியும் உச்சியில் சில இலையும். மொட்டை அடித்த பிள்ளை மாதிரி நின்றது.

அந்த நேரம் பார்த்து பாயின் போன் அடித்தது. பாத்திமா. முகம் தெரிகிற போன்.

பாய் எடுத்து, "ஒரு நிமிஷம், கடையில இருக்கேன், திரும்பக் கூப்புடுறேன்," என்று வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "செடியக் காட்டச் சொல்றா."

கண்ணாத்தாள்தான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் வேலிச் செம்பருத்தியிலிருந்து பூவும் தழையுமாகப் பறித்து வந்தாள். வாழைநாரைக் கிழித்து நான்கு பேரும் உட்கார்ந்து குச்சி குச்சியாகக் கட்டினோம். இசைவாணி தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

"இது சிவப்பு ஒத்தப் பூவாச்சே," என்றார் பாய். "அவளது காவி அடுக்காச்சே."

"போன்ல நிறம் அப்படித்தான் தெரியும்னு சொல்லுங்க," என்றாள் கண்ணாத்தாள்.

பாய் போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு காட்டினார். அந்தப் பக்கம் பாத்திமா, மடியில் துணி சுற்றிய பேரப்பிள்ளை.

"பூ ஏன் சிவப்பா இருக்கு?"

"போன் சரியில்ல பாத்திமா."

"எல்லாப் பூவும் ஏன் கீழயே பாத்துக்கிட்டு இருக்கு?"

"உன்னப் பாத்து வெக்கப்படுது," என்றாள் கண்ணாத்தாள்.

என் காதைக் கொத்திய அதே பெட்டைக்கோழி வலைக்கும் வலைக்கும் நடுவில் தலையை விட்டது. ஒரு பூவைக் கவ்வி இழுத்தது. வாழைநார் மொத்தமாக அவிழ்ந்தது. பூவும் தழையும் கொத்தாகக் கோழியின் வாயில் தொங்க, அது வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது. மருதையன் பின்னால் ஓடினான்.

போனுக்குள் பாத்திமாவின் முகம் கிட்டே வந்து பெரிதானது.

"என்னங்க," என்றார் பாத்திமா. "என் செடியக் கோழி தூக்கிக்கிட்டு ஓடுது."

பாய் போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"தங்கச்சி, செடி அழுகிப் போச்சு. அடி ஓட்டைய அடைச்சது நான். மேல ஊத்துனது இவங்க. வெட்டி மருந்து போட்டுருக்கு. பொழச்சுக்கும்னு மருதையன் மக சொல்லுது. நான் இன்னும் நம்பல."

பாத்திமாவின் கண் நிறைந்துவிட்டது. "உம்மா வீட்டுல மிச்சம் அது ஒண்ணுதான்ணே."

"தெரியும். ஆனா நாலு பேருகிட்டயும் ஒரே வார்த்தையச் சொல்லிட்டுப் போயிருக்கியே, அது நியாயமா?"

அவர் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் யாரையுமே நம்பலண்ணே. அதான் எல்லாருகிட்டயும் சொல்லி வச்சேன்."

அட, இது நம்ம ஆள்! கோபம் போன இடம் தெரியவில்லை.

"இப்ப ஒண்ணு கேக்கவா?" என்றார் பாத்திமா. "தண்ணி ஊத்துறதுக்கு நாலு பேரு இருக்கீங்க. ஊத்த விடாம பாத்துக்க ஒரு ஆளு வேணும். யாரையும் நம்பாத ஆளா இருக்கணும். நீங்க இருப்பீங்களா? இத வேற யார்கிட்டயும் கேக்கல, கேக்கவும் முடியாது."

அன்றிலிருந்து பாய் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் ஆற்றில் முறை வைத்து விடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி முறை வைத்தேன். காலையில் மண்ணுக்குள் விரலை விடுவேன். விரல் நுனியில் ஈரம் ஒட்டினால் மடை மூடல். ஒட்டாவிட்டால் ஒரே ஒரு சொம்பு, வேரில் மட்டும், அதுவும் என் கண் எதிரில். கண்ணாத்தாள், "பாவங்க, வாய் உலந்து நிக்குது, ஒரு கை தெளிச்சுக்குறேனே," என்று கெஞ்சினாள். பெண்டாட்டி என்று பார்க்கவில்லை. பாயின் தெளிப்பானைப் பறிமுதல் செய்தேன். மருதையன் கேனைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வாசலைக் கடக்கவேண்டும். ஆவணி மழை ஒரு சாயங்காலம் அடித்தபோது குடையைச் செடிக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். முத்துப்பேட்டை பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரு நாள் குச்சியின் கணுவில் பச்சையாக ஒன்று தெரிந்தது. புழு என்று நினைத்தேன். தளிர் என்றாள் இசைவாணி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அதே இடத்தில் இருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நகரவில்லை. அதற்குப் பிறகுதான் தளிர் என்று ஒத்துக்கொண்டேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிறகு குச்சி மறைகிற அளவுக்கு இலை வந்தது. புள்ளி இல்லாத இலை. தினம் ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிடுவேன்.

புரட்டாசியில் பாத்திமா வந்து இறங்கினார். வேனிலிருந்து பெட்டிகள் இறங்குவதற்கு முன்பே நேராகத் தொட்டியிடம் போனார். அன்று காலையில்தான் ஒரு பூ விரிந்திருந்தது. ஒரு பக்கம் மடிப்பு கொஞ்சம் கோணல். ஆனால் காவி நிறம்தான், அடுக்குப் பூதான், நார் கட்டாத பூதான். பாத்திமா அதைத் தொட்டுப் பார்த்தார். லேசாக இழுத்தும் பார்த்தார். நல்ல பழக்கம்.

உள்ளே போனார். சொம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"என் கையால ஒரு வாய் ஊத்திடுறேண்ணே."

நான் நாற்காலியை விட்டு எழுந்து மண்ணுக்குள் விரலை விட்டேன். ஈரம்.

"இன்னைக்கு முறை இல்ல தங்கச்சி."

"என் செடிண்ணே!"

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில வா."

பாத்திமா புருஷனைப் பார்த்தார், கண்ணாத்தாளைப் பார்த்தார், பால் கேனோடு நின்ற மருதையனைப் பார்த்தார். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, சொம்புத் தண்ணீரைத் தானே மடமடவென்று குடித்து முடித்து உள்ளே போனார்.

முழுசும் குடித்தாரா என்று வாசல்படியில் இருந்த சொம்பைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டேன்.